மட்டக்களப்பில் முதல் கேமிங் கொம்பியூட்டர் வாங்கப் போகிறவர்களுக்கு

2023 மாரியில் என்னுடைய கிராபிக்ஸ் கார்ட் (கேமின் படத்தைத் திரைக்கு வரைந்து தரும் பாகம்) செத்துப்போனது. வாங்கி நான்கு மாதம்கூட ஆகவில்லை. மூன்று வருட வாரண்டி என்று சொல்லித்தான் விற்றார்கள், அந்த நம்பிக்கையில் கார்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பில்லைப் பார்த்தார்கள். அதில் "கேமிங் பிசி செட் 1" என்று ஒரே வரி, கீழே மொத்தத் தொகை, அவ்வளவுதான். கார்டின் சீரியல் நம்பர் இல்லாததால் இது நாங்கள் விற்ற கார்ட் என்று எப்படி நம்புவது என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. ஏறத்தாழ 95,000 ரூபாய் அங்கேயே போனது. பிறகு வீட்டு வயரிங்கைச் சோதித்தபோது, கொம்பியூட்டர் பூட்டியிருந்த பிளக்கில் எர்த்தே இல்லை என்றும் தெரிய வந்தது.

அடுத்த வருடம் ஓகஸ்டில் எல்லாவற்றையும் முதலிலிருந்து, ஒவ்வொன்றாகக் கேட்டும் படித்தும் சரியாகச் செய்தேன். கல்லடி, காத்தான்குடி, ஏறாவூர், களுவாஞ்சிகுடி, கல்முனை என்று எங்கே இருந்தாலும் நீங்கள் இந்த வரிசையில் போங்கள். எனக்குப் போன காசு உங்களுக்குப் போக வேண்டாம்.

1. எந்த கேம், எவ்வளவு நேரம் என்று முதலில் முடிவெடுங்கள்

கடைக்குப் போய் "நல்ல கேமிங் பிசி ஒன்று" என்று கேட்டால், அவர்களிடம் தேங்கிக் கிடப்பதுதான் உங்களுக்கு வரும். அதனால் விளையாடப்போகும் ஐந்து கேம்களின் பெயரை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் ஸ்டீம் (கேம் விற்கும் இணையக் கடை) பக்கத்திலும், வலோரன்ட் மாதிரி அங்கே இல்லாத கேம் என்றால் அதன் சொந்த இணையத்தளத்திலும் இருக்கும் "பரிந்துரைக்கப்படும்" தேவைகளைப் பாருங்கள். குறைந்தபட்சத் தேவை என்று இன்னொரு பத்தி இருக்கும், அதை நம்பி வாங்காதீர்கள், கேம் திறக்கும் என்பதற்கு மட்டுமே அது உத்தரவாதம்.

வலோரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2, ஈஃபுட்போல் மாதிரி இலவச கேம்கள்தான் உங்கள் பட்டியல் முழுக்க என்றால் பெரிய கார்ட் தேவையே இல்லை. ரைசன் 5 5600ஜி மாதிரி உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும் புரொசசர் ஒன்றை இப்போது வாங்கி, கார்டை ஆறு மாதம் கழித்து வாங்கலாம். கையில் காசு குறைவாக இருக்கும் தம்பிமாருக்கு நான் சொல்வது எப்போதும் இதைத்தான். இதற்கு நேர்மாறான பொறி ஒன்றும் இருக்கிறது: வெறும் 5600, அல்லது பெயரின் முடிவில் எஃப் எழுத்து வரும் இன்டெல் புரொசசர்கள், இவற்றில் கிராபிக்ஸ் கிடையாது. கார்ட் இல்லாமல் இவற்றை வாங்கிப் பூட்டினால் மொனிட்டரில் ஒன்றும் வராது. கொம்பியூட்டர் பழுது என்று நினைத்து அதைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

லெப்டொப்பா என்று கேட்டால், வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ விடுதியில் தங்கிப் படிப்பவர்களுக்கு மட்டும் ஆம். வீட்டில் இருப்பவர்களுக்கு மேசைக் கொம்பியூட்டர்தான். லெப்டொப்பில் ஒரே பெயருள்ள கார்ட் ஒரு மொடலில் 60 வாட்டிலும் இன்னொன்றில் 100 வாட்டுக்கு மேலும் ஓடும், வேகம் அதற்கேற்ப மாறும், விளம்பரத்திலோ பெயர் மட்டும்தான் இருக்கும். பழுதானாலும் ஒரு பாகத்தை மட்டும் மாற்ற முடியாது.

2. கடைக்குப் போகும் முன் சுவரைப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் வட்ட முள் பிளக் இருக்கும், எர்த் துளை இருக்கும், ஆனால் பின்னால் எர்த் வயர் இருக்காது. கொம்பியூட்டரின் உலோகப் பகுதியைத் தொடும்போது விரலில் சுருசுரு என்று இருந்தால் அதுதான் அறிகுறி. வயரிங் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள், ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்றும் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் புதிய எர்த் கம்பி அடித்து, கொம்பியூட்டருக்குத் தனியாக 13 அம்பியர் பிளக் ஒன்று போட 6,500 ரூபாய் முடிந்தது. ஒரு நாள் வேலை.

அடுத்தது யூபிஎஸ், கரண்ட் போனால் கொஞ்ச நேரம் பற்றரியில் ஓடவிடும் பெட்டி. மாரிக்கு இடி மின்னல், கரண்ட் போய்ப் போய் வருவது, பக்கத்தில் வெல்டிங் கடை இருந்தால் பகலெல்லாம் லைட் மங்குவது என்று எல்லாம் இங்கே இருக்கிறது. யூபிஎஸ் பெட்டியில் எழுதியிருக்கும் விஏ எண்ணை வாட் என்று எண்ணாதீர்கள். 650 விஏ என்றால் பெரும்பாலும் 360 அல்லது 390 வாட்தான். நடுத்தர கேமிங் கொம்பியூட்டர் ஒன்று விளையாடும்போது மொனிட்டரோடு சேர்த்து 250 வாட் வரை இழுக்கும், அதனால் 650இல் கணக்கு ஒத்துவருவது போலத் தெரியும், ஆனால் கரண்ட் போகும் கணத்தில் சுமை கூடியிருந்தால் யூபிஎஸ்ஸும் சேர்ந்து அணைந்துவிடும். 1200 விஏ எடுங்கள். விளையாடிக்கொண்டிருக்க இல்லை, சேவ் செய்து ஒழுங்காக மூட ஐந்து நிமிடம் கிடைக்கத்தான் அது. மின்னல் நேரத்தில் யூபிஎஸ்ஸை நம்பாமல் பிளக்கையே கழற்றுங்கள், ரவுட்டருக்கு வரும் வயரையும் சேர்த்து. மின்னல் அந்த வழியாகவும் வரும்.

வீட்டில் அம்மா அப்பாவிடம் பேசும் முன் கரண்ட் பில்லையும் கணக்குப் பாருங்கள். 250 வாட்டில் நான்கு மணி நேரம் என்றால் ஒரு யூனிட். தினமும் விளையாடினால் மாதம் 30 யூனிட் கூடும். நம் வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவதால், இப்போது 55 யூனிட் எரிக்கும் வீடு 60ஐத் தாண்டும்போது பில் 30 யூனிட்டுக்கு உரிய அளவுக்கு மேலேயே குதிக்கும். இதை முதலிலேயே வீட்டில் சொல்லிவிடுவது நல்லது, பில் வந்த பிறகு சொன்னால் சண்டைதான்.

3. காசை எதில் போடுவது

2024 ஓகஸ்டில் எனக்கு முடிந்த கணக்கு இது: ரைசன் 5 5600 புரொசசர் 39,500, பி550 மதர்போர்ட் 33,000, 16 ஜிபி ரேம் (8 ஜிபி இரண்டு) 13,500, 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (கேம்களைச் சேமிக்கும் வேகமான டிரைவ்) 22,000, பாவித்த ஆர்எக்ஸ் 6600 கார்ட் 58,000, 550 வாட் பவர் சப்ளை 19,000, கேசிங் 14,500, 24 அங்குல மொனிட்டர் 36,000, யூபிஎஸ் 24,000, கீபோர்ட் மவுஸ் ஹெட்செட் எல்லாம் சேர்த்து 12,000. மொத்தம் 2,71,500 ரூபாய். வயரிங் செலவு தனி. இதே விலை இன்று இருக்காது. குறிப்பாக ரேம் விலை 2025 இறுதியில் உலகம் முழுக்க ஏறியது, அதனால் பாகங்களின் விகிதத்தை மட்டும் இதிலிருந்து எடுத்துக்கொண்டு விலையை வாங்கும் வாரத்தில் கேளுங்கள்.

என் கருத்தில் யாரும் குறைக்கக் கூடாத பாகம் பவர் சப்ளை. பெயர் தெரியாத "700 வாட்" பவர் சப்ளை 6,000 ரூபாய்க்குக் கிடைக்கும், கேசிங்கோடு இலவசமாகவும் தருவார்கள், வாங்காதீர்கள். 80 பிளஸ் புரொன்ஸ் முத்திரை (மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான தரச் சான்று) உள்ள, பெயர் தெரிந்த கம்பனியின் 550 வாட் அதைவிட எவ்வளவோ மேல். மலிவு பவர் சப்ளை எரியும்போது தனியாக எரியாது, மதர்போர்டையும் கார்டையும் கூட்டிக்கொண்டு போகும்.

குறைக்கக்கூடியது வண்ண விளக்கு. விளக்கு எரியும் காற்றாடி, விளக்கு எரியும் ரேம் என்று 20,000 ரூபாய் வரை போய்விடும், கேமில் ஒரு பிரேம்கூடக் கூடாது. அந்தக் காசை மொனிட்டரில் போடுங்கள். 60 ஹெர்ட்ஸிலிருந்து (ஒரு நொடிக்குத் திரை 60 முறை மாறுவது) 100க்கோ 144க்கோ போவது கண்ணுக்கு உடனே தெரிகிற மாற்றம், நான் செலவழித்ததில் மிகவும் திருப்தி தந்தது அதுதான். திரைத் துல்லியம் 1080பி போதும். 4கே என்று ஆசைப்பட்டால் கார்டின் விலை இரண்டு மடங்குக்கு மேல் போகும்.

ரேமை ஒரே 16 ஜிபி துண்டாகத் தருவார்கள். 8 ஜிபி இரண்டாகக் கேட்டு வாங்குங்கள், இரண்டு துண்டு சேர்ந்தால்தான் முழு வேகம்.

4. பாவித்த கார்ட் வாங்கலாமா

வாங்கலாம், நானே வாங்கினேன். ஆனால் கண்ணால் பார்க்காமல் வாங்கக் கூடாது. 2022 செப்டெம்பரில் எதீரியம் என்ற டிஜிட்டல் நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்ட பிறகு கிராபிக்ஸ் கார்டால் அதைத் தோண்டி எடுக்கும் தொழில் நின்றுபோனது. இரவு பகலாக ஓடிய அந்தக் கார்ட்கள் உலகம் முழுவதும் பாவித்த பொருள் சந்தைக்கு வந்தன. தோண்டிய கார்ட் எல்லாமே கெட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் காற்றாடி தேய்ந்திருக்கும், உள்ளே சூட்டைக் கடத்தும் பசை காய்ந்திருக்கும், விலையை அதற்கேற்பக் குறைத்துக் கேட்க வேண்டும்.

விற்பவரின் வீட்டிலோ கடையிலோ கொம்பியூட்டரில் பூட்டி ஓடவிடச் சொல்லுங்கள். உங்கள் பென் டிரைவில் ஜிபியு-இசட் என்ற சின்ன மென்பொருளைக் கொண்டு போங்கள். போலிக் கார்டாக இருந்தால் பெரும்பாலும் பெயருக்கு முன்னால் FAKE (போலி) என்றே அது காட்டும். பழைய சிப்பில் பெயரை மட்டும் மாற்றி எழுதி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விற்பது வழக்கமான ஏமாற்று. ஆர்எக்ஸ் 580 வாங்கினால் அதே மென்பொருளில் ஷேடர் (படத்தைக் கணக்கிடும் சிறு அலகுகள்) எண்ணிக்கை 2304 என்று இருக்கிறதா பாருங்கள். 2048 என்று இருந்தால் அது வலு குறைந்த வேறு வகை, விலையும் குறைய வேண்டும். பிறகு இருபது நிமிடம் ஒரு கனமான கேமை ஓடவிட்டு, சூடு எவ்வளவு ஏறுகிறது, திரையில் புள்ளியோ கோடோ வருகிறதா என்று பாருங்கள். இருபது நிமிடம் தர மாட்டேன் என்று சொல்பவரிடம் வாங்க வேண்டாம்.

கரையோரத்தில் பாவித்த கார்ட் என்றால் பின்பக்கத் தகட்டையும் திருகாணிகளையும் பாருங்கள். துரு இருந்தால் உப்புக் காற்று உள்ளேயும் போயிருக்கும். இக்மனிலும் பேஸ்புக்கிலும் பார்த்து முன்பணம் அனுப்பாதீர்கள், "கொரியரில் போடுகிறேன், பாதி போட்டு விடுங்கள்" என்பவர்களில் எத்தனை பேர் உண்மையாக அனுப்புவார்கள் என்று உங்களால் பிரித்தறிய முடியாது.

5. இங்கேயா, கொழும்பிலா

விலை மட்டும் என்றால் கொழும்பு. பம்பலப்பிட்டியில் யுனிட்டி பிளாசா ஒரே கட்டடத்திலேயே பத்துக் கடை ஏறி இறங்கலாம், ஒரு கடையின் விலைப்பட்டியலை அடுத்த கடையில் காட்டினால் சில ஆயிரம் குறையும். ஆனால் பழுதானால் திரும்பவும் அங்கேதான் போக வேண்டும், பஸ் காசு, ஒரு நாள் சம்பளம், சாப்பாடு எல்லாம் சேர்த்தால் விலையில் மிச்சம் பிடித்தது எல்லாம் போய்விடும். அதனால் நான் பிரித்து வாங்கினேன். பழுதாவது அபூர்வமான புரொசசர், ரேம், எஸ்எஸ்டி, மதர்போர்ட் கொழும்பில். பழுதாகக்கூடிய, பாரமான யூபிஎஸ், மொனிட்டர், பவர் சப்ளை இங்கே. மட்டக்களப்புக் கடையில் மொனிட்டருக்கு 2,000 ரூபாய் கூடக் கொடுத்தேன், ஆனால் கடையிலேயே பூட்டி வெள்ளை, கறுப்பு, சிவப்பு என்று திரையை மாற்றிச் செத்த புள்ளி இல்லை என்று பார்த்துத்தான் எடுத்து வந்தேன்.

கொழும்புக்குப் போகும் நாளைப் பார்த்து எடுங்கள். போயா தினத்தில் கடைகள் பூட்டு, ஞாயிறும் பல கடை திறக்காது. இரவு பஸ்ஸில் போய் விடியற்காலை இறங்கினால் கடை திறக்கும்வரை மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டி வரும், அதை முன்கூட்டியே எண்ணிக்கொள்ளுங்கள். முதல் நாளே போன் செய்து பொருள் உண்மையில் கையிருப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள், இணையத்தில் "உண்டு" என்று காட்டும் எல்லாமும் கடையில் இருக்காது. இங்கே வாங்குபவர்களுக்கு ஒன்று, காத்தான்குடியில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் போய் நிற்காதீர்கள்.

6. பில், வாரண்டி: எனக்குக் காசு போன இடம்

காசைக் கொடுக்கும் முன் பில்லை எழுதச் சொல்லுங்கள், எழுதியதை வாசியுங்கள், பிறகு காசைக் கொடுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது.

பில்லில் இருக்க வேண்டியவை: கடையின் பெயரும் முகவரியும், திகதி, உங்கள் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி, ஒவ்வொரு பாகமும் தனித்தனி வரியில் முழு மொடல் பெயரோடு, ஒவ்வொன்றின் சீரியல் நம்பர், ஒவ்வொன்றுக்கும் எத்தனை மாத வாரண்டி. "செட்" என்ற சொல் பில்லில் வந்தால் திருப்பிக் கொடுத்துப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். மகனுக்கு வாங்கும் அப்பாமார் தங்கள் பெயரிலேயே எழுதுங்கள், பிறகு கடைக்குப் போகப்போவது பெரும்பாலும் நீங்கள்தான்.

பில்லின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருப்பதையும் படியுங்கள். ஒரு வருட வாரண்டி என்பதற்கு 350 நாள் என்று பல கடைகளில் அச்சிட்டிருப்பார்கள், பதினைந்து நாள் அங்கேயே போகிறது. எரிந்த தடம், துரு, மின்னல், கூடிய வோல்டேஜ், உடைவு, கிழிந்த ஸ்டிக்கர் எதற்கும் வாரண்டி இல்லை என்றும் இருக்கும். துரு என்பது கடலோரத்தில் இருக்கும் நமக்கு நேரடியாக உதைக்கிற வரி. அதனால்தான் எர்த்தையும் சுத்தத்தையும் பற்றி இவ்வளவு சொல்கிறேன். வாரண்டி கடையினுடையதா, இலங்கை முகவருடையதா என்றும் கேளுங்கள். கடையினுடையது மட்டும் என்றால் கடை பூட்டினால் வாரண்டியும் பூட்டு.

வீட்டுக்கு வந்ததும் பில்லைப் படம் எடுங்கள். வெப்பத்தில் அச்சாகும் பில் இங்கத்தைய சூட்டில் ஒரு வருடத்தில் வெள்ளைத் தாளாகிவிடும், ஒரு போட்டோ பிரதியும் எடுத்து வையுங்கள். பெட்டிகளை வாரண்டி முடியும்வரை எறியாதீர்கள். ஒவ்வொரு பாகத்திலும் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பர் ஸ்டிக்கரையும் பூட்டும் முன் படம் எடுத்து வையுங்கள்.

பில் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டு தர வேண்டியது வியாபாரியின் கடமை. அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறைப்பாடு சொல்லலாம். நான் அன்று அதைச் செய்யவில்லை, என்னிடம் காட்ட ஒரு ஒழுங்கான தாள்கூட இல்லை.

7. கொண்டுவருவதும் பூட்டுவதும்

முழுவதும் பூட்டிய கொம்பியூட்டரை பஸ்ஸில் ஏற்றினால் கார்டின் பாரத்துக்கு மதர்போர்டில் அது பூட்டியிருக்கும் பள்ளம் உடையும். கார்டைக் கழற்றி அதன் பெட்டியில் தனியே வையுங்கள், பஸ்ஸின் கீழ் அறையில் போடாமல் மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள். உதயதேவி ரயிலில் வந்தால் இடம் தாராளம், ஆனால் எட்டு ஒன்பது மணி நேரம் பொருளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பூட்டுவது பயப்படுகிற அளவுக்குக் கஷ்டம் இல்லை, முதல் முறை எனக்கு நான்கு மணி நேரம் பிடித்தது. கடையில் பூட்டித் தர 2,000, 3,000 கேட்பார்கள், அதுவும் நியாயமான காசுதான். எப்படியானாலும் முடிந்த பிறகு மூன்று விஷயத்தைப் பாருங்கள், ஏனென்றால் கடைக்காரரும் இவற்றை விடுவதுண்டு. மொனிட்டர் வயர் கிராபிக்ஸ் கார்டில் பூட்டியிருக்கிறதா, மதர்போர்டிலா? மதர்போர்டில் என்றால் நீங்கள் வாங்கிய கார்ட் சும்மா இருக்கும். பயோஸில் (கொம்பியூட்டர் தொடங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்பு) ரேமை முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பி போட்டிருக்கிறதா? போடாவிட்டால் 3200க்குக் காசு கொடுத்து 2400, 2666 வேகத்தில் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். விண்டோஸ் திரை அமைப்பில் மொனிட்டர் வேகம் 60 ஹெர்ட்ஸிலேயே நிற்கிறதா? நானே இரண்டு வாரம் 60இல் விளையாடினேன்.

விண்டோஸ் 11 போடுங்கள். 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. 11இல் வலோரன்ட் ஓட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் (Secure Boot) என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் பயோஸில் திறந்திருக்க வேண்டும், இது தெரியாமல் கேமைத் திரும்பத் திரும்ப டவுன்லோட் செய்து டேட்டாவை முடித்தவர்கள் இங்கே நிறைய.

8. ஸ்டீம், வங்கிக் கார்ட், டேட்டா

இலங்கையில் ஸ்டீம் விலை அமெரிக்க டொலரில் காட்டும். என் வங்கியின் டெபிட் கார்டில் வெளிநாட்டு ஓன்லைன் கட்டணம் பூட்டியே இருந்தது, அடையாள அட்டையும் வங்கிப் புத்தகமும் கொண்டுபோய் படிவம் நிரப்பி, இரண்டு வேலை நாள் கழித்துத் திறந்தது. வங்கியில் பதிந்த போன் நம்பர் பழையது என்றால் ஓடிபி வராது, அதே நாளில் அதையும் மாற்றுங்கள். நாணய மாற்றுக்கு வங்கி தன் பங்கை எடுக்கும், 10 டொலர் கேமுக்குக் கணக்கில் இருப்பது சரியாக 10 டொலருக்கான ரூபாய் மட்டும் என்றால் வாங்க முடியாது.

அவசரப்பட்டு முழு விலைக்கு வாங்காதீர்கள். ஜூன் இறுதியிலும் டிசம்பர் இறுதியிலும் பெரிய தள்ளுபடி வரும். வாங்கிய கேம் உங்கள் கொம்பியூட்டரில் ஓடவில்லை என்றால், வாங்கி 14 நாளுக்குள், விளையாடியது இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் காசைத் திருப்பிக் கேட்கலாம், எனக்கு இரண்டு முறை வந்திருக்கிறது. ஒரே வீட்டில் அண்ணன் தம்பி என்றால் ஸ்டீம் குடும்பத்தில் ஆறு பேர் வரை சேர்ந்து ஒருவர் வாங்கியதை மற்றவர் விளையாடலாம்.

டேட்டாதான் நம் ஊரில் தலைவலி. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 மட்டும் 150 ஜிபி இடம் கேட்கும். ஸ்டீம் அமைப்பில் அப்டேட் எந்த மணிக்கு நடக்க வேண்டும் என்று குறிக்கலாம், உங்கள் பெக்கேஜில் இரவு டேட்டா தனியாக இருந்தால் அந்த நேரத்தைப் போடுங்கள். ஃபைபர் உங்கள் வீதிக்கு வந்திருந்தால் காசு பாராமல் எடுங்கள். வராதவர்கள் நண்பரிடம் உள்ள கேம் போல்டரை வெளி ஹாட் டிரைவில் பிரதி எடுத்து வந்து ஸ்டீமில் சேர்க்கலாம். அதே கேமை நீங்களும் வாங்கியிருந்தால் மிச்சத்தை மட்டும்தான் அது இறக்கும்.

9. உப்புக் காற்று

கல்லடியில் எங்கள் வீட்டிலிருந்து கடல் அலை கேட்கும். கொம்பியூட்டரை ஜன்னல் ஓரத்திலிருந்து எடுத்து உள்சுவர்ப் பக்கம், தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் வைத்தேன். வெள்ளம் வந்த வருடங்கள் நினைவிருப்பவர்களுக்கு உயரம் ஏன் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை புளோவரால் தூசி தட்டுங்கள், காற்றாடியை விரலால் பிடித்துக்கொண்டு. மாரியில் ஒரு வாரம் விளையாடாவிட்டாலும் நாளுக்கு அரை மணி நேரம் ஓடவிடுங்கள், உள்ளே இருக்கும் ஈரம் அந்தச் சூட்டில் காயும். நீண்ட நாள் ஊருக்குப் போவதென்றால் பிளக்கைக் கழற்றி, மேலே துணியைப் போட்டு மூடிவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் துணியை எடுத்த பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும்.